டோர் பேடைக் கழற்றும்போது

ஸ்க்ரூ டிரைவரை ஓரத்தில் செருகி ஒரே நெம்பு. மாருதி ஈகோ கார்கோ வேனின் டோர் பேட், அதாவது கதவின் உட்பக்கப் பலகை, பிய்ந்து கையோடு வந்துவிட்டது, அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் கதவிலேயே நின்றுவிட்டன. இன்று கண்ணெதிரே நடந்தது.

தயவுசெய்து அப்படிக் கழற்றாதீர்கள்.

முதலில் கண்ணாடி ஏற்றும் ஹேண்டில். அதில் ஸ்க்ரூ தேடாதீர்கள். ஹேண்டிலுக்குப் பின்னால், குதிரை லாட வடிவில் ஒரு கம்பி லாக் இருக்கும். பழைய துணியை அந்த இடுக்கில் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்து மாற்றி மாற்றி இழுங்கள். முனைகள் துணியில் மாட்டி லாக் வெளியே வரும். தெறித்து ஓடும் சாமான், கீழே ஒரு துணி விரித்து வைப்பது நல்லது.

பிறகு கைப்பிடி ஸ்க்ரூக்களையும், கதவைத் திறக்கும் லீவரைச் சுற்றிய பிளாஸ்டிக் கப்பையும் கழற்றுங்கள்.

கிளிப்புக்குப் பிளாஸ்டிக் நெம்பிதான். கீழ் மூலையில் ஆரம்பித்து, கிளிப்பை ஒட்டியே நெம்ப வேண்டும். இரண்டு கிளிப்புக்கு நடுவில் நெம்பினால் பேட்தான் உடையும்.

உள்ளே ஒட்டியிருக்கும் பாலித்தீன் ஷீட்டைக் கிழித்து எறிகிறார்கள், அதுதான் மனசுக்குக் கஷ்டம். கண்ணாடியோரம் இறங்கும் மழைத்தண்ணீர் பேடுக்கு வராமல் தடுத்து, கதவின் அடி ஓட்டைக்கு அனுப்புவதே அந்த ஷீட். அது இல்லாவிட்டால் பேட் ஊறும், தண்ணீர் வண்டிக்குள்ளும் வரும்.

திரும்ப மாட்டும்போது லாக்கை முதலில் ஹேண்டிலில் போட்டுவிட்டு, கதவிலிருந்து நீட்டியிருக்கும் தண்டில் ஹேண்டிலை அழுத்துங்கள். டக்கென்று உட்காரும்.