பாதி விலை டிக்கெட்

மெட்ராஸ்ல ஒரு நிகழ்ச்சிக்குப் பாதி விலை டிக்கெட், பத்து மணிக்கு ஆன்லைன்லன்னு விளம்பரம். மணி பத்து. அக்கா பையன் பட்டனைத் தட்டறதுக்குள்ள 'தீர்ந்துவிட்டது'. பக்கத்துலயே முழு விலை டிக்கெட் மட்டும் வேணுங்கற அளவுக்கு இருக்கு!

பாதி விலைக்கு மொத்தம் எத்தனை டிக்கெட்? எங்கயும் போடல. மூலையில எறும்பு சைஸ்ல 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'. அவ்ளோதான்.

இதுக்குப் பேரே தூண்டில் விளம்பரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லயே விதி போட்டிருக்கு: எதிர்பார்க்கிற கூட்டத்துக்குத் தேவையான சரக்கு இருக்கணும், கம்மின்னா விளம்பரத்துலயே தெளிவா சொல்லணும். (யார் படிச்சாங்க!)

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடப் போறேன்னேன்.

"போடு, வேணாங்கல. ஆனா கடலூர்லேர்ந்து மெட்ராஸ் பஸ் சார்ஜுக்கு எவன்டா தள்ளுபடி தரான்? சாயங்காலம் தேவனாம்பட்டினம் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போ"ன்னா அக்கா.

பையன் மூஞ்சியைப் பார்க்கணுமே.