பல்லில் வைத்துக் கேட்ட கடிகாரம்

காது கேட்காத கடிகாரத் தொழிலாளி ஒருவர், பழுது பார்த்து முடித்த கைக்கடிகாரத்தை முன்பற்களால் கவ்விக்கொண்டு, அது ஓடுகிறதா என்று கண்ணை மூடிக் கேட்கிறார். நாவல் எழுத உட்கார்ந்தபோது என்னிடம் இருந்தது இந்த ஒரு காட்சிதான். அவர் யார், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கதை எங்கே போய் முடியும், எதுவும் தெரியாது. அந்த ஒரு காட்சியிலிருந்து அச்சான பிரதி கைக்கு வர மூன்றரை வருடம் ஆனது. பதிப்பகம் இல்லாமல் நானே வெளியிட்டேன். அதே வழியில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் வரைவுக்குப் 14 மாதம். பெரும்பாலான நாட்களில் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆறேகால் வரை எழுதினேன். ஒரு நாளைக்கு 300 சொல் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் ஓடினாலும் 300ஐத் தாண்டியதும் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவேன். மறுநாள் அந்த அரை வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்பதால் உட்கார்ந்த உடனே கை ஓடும். கடைசியில் 92,000 சொல் சேர்ந்தது. அச்சில் வந்தது 61,000தான். குறைந்த 31,000 சொல் எப்படிக் குறைந்தது என்பதுதான் இந்தக் கதையின் பெரும்பகுதி.

வரைவை முடித்ததும் ஒரு மாதம் தொடவில்லை. அப்புறம் ஆறு பேருக்கு அனுப்பினேன். நன்றாக இருக்கிறதா என்று யாரையும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அன்பு உள்ளவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நான் கேட்டது ஒன்றே ஒன்று: படிக்கும்போது எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள் என்று மட்டும் குறித்துக் கொடுங்கள். தூக்கம் வந்து வைத்தாலும் சரி, போன் வந்து வைத்தாலும் சரி, பக்க எண்ணைக் குறியுங்கள். ஆறு பேரில் நான்கு பேர் ஒரே அத்தியாயத்தில் வைத்திருந்தார்கள். நான்காம் அத்தியாயம். கடிகாரத்தின் பாகங்களை 11 பக்கத்துக்கு விவரித்திருந்தேன். பழைய இயந்திரக் கடிகாரம் மணிக்கு 18,000 முறை துடிக்கும், அதாவது நொடிக்கு ஐந்து; பின்னால் வந்தவற்றில் பல 28,800, நொடிக்கு எட்டு. மாதக்கணக்கில் தேடிப் படித்துச் சேர்த்தவை. பாதியில் வைத்த நான்கு பேருக்கும் இது எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த 11 பக்கத்தில் நான் காப்பாற்றியது ஒரே விஷயம்: நொடிக்கு ஐந்து துடிப்பைப் பல்லில் உணர்ந்து எண்ண முடியும், எட்டு என்றால் எண்ண முடியாமல் ஒரே நடுக்கமாகிவிடும். நாயகனுக்குப் பழைய கடிகாரங்கள்மேல் ஏன் அவ்வளவு பிரியம் என்பதற்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

அந்த ஆறு பேரில் ஒருவர் செவித்திறன் பரிசோதகராக வேலை பார்க்கும் என் தோழி. அவள் பக்க எண் எதையும் குறிக்கவில்லை. நேரே போன் செய்தாள்.

"உன் ஆளுக்குக் காது எதனால போச்சுன்னு எழுதியிருக்கே?"

"வயசாகி நரம்பு பலவீனமாகி..."

"அப்போ பல்லுல வச்சாலும் கேக்காதே."

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. நாவலே அந்தப் பல்லில்தான் நிற்கிறது. அவள் பொறுமையாக விளக்கினாள். பல்லில் வைத்த கடிகாரத்தின் அதிர்வு மண்டை எலும்பு வழியாக நேரே உட்செவிக்குப் போகிறது. வெளிச்செவி, நடுச்செவி இரண்டையும் தாண்டிப் போய்விடுகிறது. நடுச்செவியில் அடைப்போ இறுக்கமோ இருக்கிற ஒருவருக்கு அது உதவும். உட்செவியோ நரம்போ கெட்டுப்போனவருக்கு எந்த வழியாகப் போனாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. "நீ எழுதியிருக்கிற காது வேற, உன் கதைக்கு வேண்டிய காது வேற" என்றாள்.

வேண்டிய காது எது என்று கேட்டேன். ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்று ஒரு கோளாறைச் சொன்னாள். நடுச்செவியில் இருக்கிற மூன்று சிறு எலும்புகளில் கடைசியானது அங்கவடி. உடம்பிலேயே மிகச் சின்ன எலும்பு அது. அதைச் சுற்றி எலும்பு தாறுமாறாக வளர்ந்து அது அசைய முடியாமல் இறுகிவிடும். நல்லது, அதையே வைத்துக்கொள்கிறேன் என்றேன். "ஆனா அது பெரும்பாலும் இருபது, முப்பது வயசுலயே ஆரம்பிக்கும்" என்றாள்.

என் நாயகனுக்கு அப்போது 63 வயது.

ஒரு வாரம் கோப்பைத் திறக்கவே இல்லை. பிறகு அவர் வயதை 34 ஆக்கினேன். அதோடு எல்லாம் மாறியது. பேரன் போனான், கைக்குழந்தை வந்தது. மனைவியின் நினைவாக இருந்த பகுதிகள் எல்லாம் மனைவியோடு போடும் சண்டைகளாயின. அதுவரை தொழிலை முடித்துக்கொண்டு விடைபெறுகிற மனிதராக இருந்தவர், இனி முப்பது வருடம் இந்தக் காதோடு பிழைக்க வேண்டியவர் ஆனார். தோழி சொன்ன இன்னும் இரண்டு தகவல்கள் அவருக்கு உயிர் கொடுத்தன. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குத் தங்கள் குரல் எலும்பு வழியாக உரக்கக் கேட்பதால், பெரும்பாலும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். நானோ பக்கத்துக்குப் பக்கம் அவரைக் கத்த விட்டிருந்தேன். இன்னொன்று, இரைச்சலான இடத்தில் இவர்களுக்குப் பேச்சு நன்றாகவே பிடிபடும், ஏனென்றால் சுற்றி இருப்பவர்கள் குரலை உயர்த்திப் பேசுகிறார்கள். அமைதியான வீட்டில் ஒன்றும் கேட்காமல், பட்டறை இரைச்சலில் எல்லாம் கேட்கிற ஒரு கணவன். அந்த மனைவிக்கு எவ்வளவு கோபம் வரும்! நாவலின் நடுப்பகுதி முழுக்க அந்தக் கோபத்தில் இருந்து வந்தது.

முடிவும் அங்கிருந்தே வந்தது. இந்தக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை உண்டு. இறுகிய அங்கவடியை எடுத்துவிட்டுச் செயற்கைத் துண்டு பொருத்தும் முறையை 1956இல் ஜான் ஷீ என்ற அமெரிக்க மருத்துவர் செய்து காட்டினார். இன்றைய கதையில் வாசகர் நிச்சயம் கேட்பார், அறுவை செய்துகொள்ளலாமே என்று. பெரும்பாலோருக்கு அது பலன் தருகிறது. ஆனால் அரிதாகச் சிலருக்கு, அறுவை செய்த காதில் மிச்சம் இருந்த கேட்பும் போய்விடும். அப்படிப் போய்விட்டால் அந்தக் காதுக்குப் பல்லும் உதவாது. அந்தத் துணிச்சல் இவருக்கு வருமா? இந்தக் கேள்வி என் முதல் வரைவில் கிடையாது. ஒரு தகவல் பிழையைத் திருத்தப் போய் நாவலுக்கு உச்சம் கிடைத்தது. இரண்டாம் வரைவுக்கு எட்டு மாதம் ஆனது. அதை நான் திருத்தம் என்று சொல்ல மாட்டேன், முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுதினேன்.

மூன்றாம் வரைவை முழுக்க வாய்விட்டுப் படித்துப் போனில் பதிவு செய்து, நடக்கும்போது கேட்டேன். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரிகிறது. கணவன், மனைவி, கடை முதலாளி மூன்று பேரும் ஒரே ஆள் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளி ஒரு கேள்வியைக்கூட நேராகக் கேட்க மாட்டார், மனைவி பாதிப் பேச்சில் நிறுத்திவிடுவாள் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டு உரையாடல்களை மாற்றினேன்.

பதிப்பகங்களுக்கு அனுப்பிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினோரு மாதத்தில் ஒரே ஒரு பதில் வந்தது. ஒப்பந்தத்தோடுதான் வந்தது. ஆனால் முதல் அச்சில் பாதிப் பிரதிகளை நானே வாங்கிக்கொள்ள வேண்டும், எல்லா உரிமைகளும் காலவரையின்றி அவர்களுக்கு என்று இருந்தது. செலவு என்னுடையது என்றால் உரிமையும் என்னுடையதாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன். ஒப்பந்தம் வந்தால் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். உரிமை எத்தனை வருடத்துக்கு, புத்தகம் கிடைக்காமல் போனால் உரிமை திரும்புமா என்கிற இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள்.

நானே வெளியிடுவது என்றான பிறகு முதலில் செலவு செய்தது பிரதி திருத்துபவருக்கு. இதில் மட்டும் கையைச் சுருக்க வேண்டாம். ஒற்றுப்பிழைகளைத் திருத்தியதோடு அவர் ஒரு குறிப்பும் எழுதி அனுப்பினார்: "'மெல்ல' என்ற சொல் மிக அதிகம், எண்ணிப் பார்க்கவும்." கணினியில் தேடினேன், 61 இடம் என்று காட்டியது. அதைக் குறைத்துவிட்டு, சந்தேகத்தில் அச்செடுத்துப் பார்த்தால் இன்னும் பக்கத்துக்குப் பக்கம் 'மெல்ல' நிற்கிறது. காரணம் பிற்பாடு புரிந்தது. முதல் சில அத்தியாயங்களை யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிறகு மாற்றியிருந்தேன். மாற்றியில் எங்கோ கோளாறு. சில இடங்களில் எகரக் கொம்புக்கும் மெய்க்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று நுழைந்திருந்தது. 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளிலும் இதே மாதிரித் தொல்லை: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், சில செயலிகளின் தேடலுக்கு மட்டும் அவை வேறு வேறு சொற்கள். அப்புறம் 'ா' இருக்க வேண்டிய இடத்தில் 'ர', 'ௌ' இருக்க வேண்டிய இடத்தில் 'ெள'. பழைய கோப்பு வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் சுத்தம் செய்துவிட்டுத் திருத்துபவரிடம் கொடுங்கள். எனக்கு இரண்டு வாரம் போனது.

பக்க வடிவமைப்பை இன்டிசைன் என்ற மென்பொருளில் நானே கற்றுக்கொண்டு செய்தேன். முதல் நாள் உரையை உள்ளே கொண்டுவந்ததும் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'வேர்ல்ட் ரெடி' என்று பெயரில் வரும் பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் ஒழுங்காக வரும் என்று கண்டுபிடிக்க ஒரு மாலை ஆனது. ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபும் அவர் கணவரும் 1917இல் ஒரு சிறிய கை அச்சு இயந்திரத்தை வாங்கிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, தாங்களே எழுத்துக் கோத்து அச்சிடத் தொடங்கினார்கள். அந்த மாலையில் அவர்களை நினைத்துக்கொண்டது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

வடிவமைத்து முடித்தபோது 275 பக்கம். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்பது கணக்கு. 272 ஆக்கினால் சரியாக 17 ஃபாரம், காகிதம் வீணாகாது என்றார்கள். மூன்று பக்கம் எங்கே குறைப்பது? அத்தியாயத்தின் கடைசி இரண்டு வரி மட்டும் புதுப் பக்கத்துக்குத் தாவிய இடங்களைத் தேடி, அந்த அத்தியாயத்துக்குள் இரண்டு வரி வெட்டினேன். வெட்டிய எந்த வரியும் இன்று நினைவில் இல்லை.

அட்டையில் ஒரு தவறு செய்தேன். பக்க எண்ணிக்கை முடிவாகும் முன்பே, உத்தேசமாக 296 பக்கம் என்று சொல்லி அட்டையை வரையக் கொடுத்துவிட்டேன். முதுகின் அகலம் தாள் எண்ணிக்கையைப் பொறுத்தது. நாங்கள் எடுத்த தாள் ஒன்றின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். 296 பக்கம் என்றால் 148 தாள், 14.8 மில்லிமீட்டர். 272 என்றால் 13.6. ஒரு மில்லிமீட்டரில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். மாதிரிப் பிரதியில் முதுகின் நிறம் முன் அட்டைக்குள் ஒரு கோடாக எட்டிப் பார்த்தது. நல்லவேளை, மாதிரியில் தெரிந்தது. மொத்தமாக அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதியாவது கையில் வாங்கிப் பாருங்கள், திரையில் இதெல்லாம் தெரியாது.

மின்னூல் ஒப்பிடும்போது எளிது. வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் தானே மாறிக்கொள்ளும், அதனால் பக்க எண்ணும் ஃபாரமும் அங்கே இல்லை. அமேசானின் கிண்டிலில் போட ஐஎஸ்பிஎன் என்கிற நூல் அடையாள எண் தேவையில்லை, அவர்களே ஓர் அடையாள எண் தருகிறார்கள். அச்சுப் பிரதிக்கு 13 இலக்க ஐஎஸ்பிஎன் எடுத்தேன். ஒரே நாவலானாலும் அச்சுக்கு எடுத்த எண்ணை மின்னூலுக்குப் போடக் கூடாது. கிண்டிலின் 'செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால் சந்தா கட்டியவர்களும் படிக்கலாம், ஆனால் 90 நாள் மின்னூலை வேறெங்கும் தர முடியாது, அச்சுப் பிரதிக்கு அந்தத் தடை இல்லை. நான் ஒரு தவணை மட்டும் சேர்ந்தேன். சந்தாவில் படிப்பவர்கள் தினமும் கிண்டில் கணக்கில் எத்தனை பக்கம் வாசித்தார்கள் என்ற வரைபடம் அதில் வரும். முதல் வாரத்தில் ஒரு நாள் அது பூஜ்யத்திலிருந்து எழுந்து நின்றதைப் பார்த்தபோது, முகம் தெரியாத யாரோ எங்கோ என் நாவலைக் கையில் வைத்திருக்கிறார் என்று அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

அச்சில் 300 பிரதி போட்டேன். இப்போது 40 மிச்சம். மறு அச்சுக்கான திருத்தங்களை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன், இதுவரை 23. கடைசியாக வந்தது போன வாரம், ஒரு வாசகர் எழுதியது. அறுவைக்கு நாள் குறிக்கிற இடத்தில் வலது காது என்று வருகிறதாம், 203ஆம் பக்கத்தில் கட்டுப் பிரிக்கும்போது இடது காது என்று இருக்கிறதாம். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. தோழிக்கு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, நோட்டில் 23 என்று எண் போட்டு எழுதிக்கொண்டேன்.