பூசாத சுவர்

ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் போன சுற்றுலாவை அந்த பஸ்ஸில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1984 என்று நினைவு. நாகர்கோவிலில் இருந்து விடியும் முன்பே கிளம்பினோம். திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலை, நேப்பியர் மியூசியம், சாயங்காலம் சங்குமுகம் கடற்கரை. நோட்டீஸ் போர்டில் போட்டிருந்த திட்டம் இவ்வளவுதான். ஆனால் திருவனந்தபுரத்துக்குள் நுழைந்ததும் டிராயிங் சார் டிரைவரிடம் ஏதோ சொன்னார். பஸ் உள்ளூர் பக்கம் திரும்பியது. உள்ளூர் என்பது அங்கே ஓர் இடத்தின் பெயர்.

சரிவான நிலம், நிறைய மரங்கள், அவற்றுக்கு நடுவே சிவப்புச் செங்கல் கட்டடங்கள். வளர்ச்சி ஆய்வு மையம் என்றார்கள். எங்களுக்குப் புலியைப் பார்க்க வேண்டும் என்ற அவசரம். பின் வரிசையில் இருந்து ஒருவன் கேட்டான்: "சார், இன்னும் பூசி முடிக்கலியா?"

எல்லோரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. "பூசி மறைக்கதுக்கு இதுல என்ன தப்பு இருக்கு மக்களே?" என்றார்.

பிறகு எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவரையும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். வெளியே நல்ல வெயில். சுவர் குளிர்ந்திருந்தது. செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலி வழியாக வெளிச்சம் தரையில் புள்ளிபுள்ளியாக விழுந்திருந்தது. மார்கழியில் அம்மா கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு இழை இழுக்கும் முன் வாசல் எப்படி இருக்கும், அப்படி. ஓரிடத்தில் சுவர் நேராகப் போகாமல் வளைந்து ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. மரத்துக்காகச் சுவர் ஒதுங்கும் என்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் சுவருக்காக மரம்தான் போகும்.

அன்றைக்குத்தான் அந்தக் கட்டடங்களைக் கட்டிய ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கரின் பெயரை நோட்டில் எழுதினேன். அவரை நேரில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனாலும் நம் பள்ளியில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் எது என்று இந்த மலருக்காக யோசித்தபோது, டிராயிங் சாரும் அவர் காட்டிய அந்த மனிதரும் சேர்ந்தேதான் நினைவில் வந்து நின்றார்கள். சார் இப்போது இல்லை. அதனால் அவர் எனக்குச் சொன்னதையும், பிறகு நானாகத் தேடித் தெரிந்துகொண்டதையும் எழுதி வைக்கிறேன்.

பேக்கர் 1917 மார்ச் 2ஆம் தேதி இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் பிறந்தவர். மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம். இளவயதிலேயே அவர் மனம் குவேக்கர் சபையின் பக்கம் போனது. இந்தச் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குவேக்கர்களில் பலருடைய ஆராதனையில் பாதிரியார் கிடையாது, பீடமும் கிடையாது. எல்லோரும் ஒரு அறையில் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்வார்கள். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இறைவனுடைய ஒளி இருக்கிறது, ஆகவே யார் மேலும் ஆயுதம் எடுக்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. உடையிலும் பேச்சிலும் வீட்டிலும் ஆடம்பரம் கூடாது, உண்மைக்கு மாறாக எதையும் காட்டக் கூடாது. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர் நம் சார். அவர் எனக்கு ஒருமுறை சொன்னார், பேக்கரின் சுவரைப் பார்த்துவிட்டால் அவர் ஜெபத்தைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்று. செங்கல் செங்கலாகவே தெரிகிறது, கல் கல்லாகவே இருக்கிறது, மரத்துக்கு மேல் மரம் மாதிரி பெயின்ட் இல்லை. எனக்கு அதற்கு மேல் ஒரு விளக்கம் தேவைப்படவில்லை.

1937இல் கட்டடக்கலைப் படிப்பை முடித்தார். கொஞ்ச நாளில் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று மறுத்து, குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்கே தொழுநோயாளிகளுக்கும் பணிவிடை செய்தார். ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் காந்தியைச் சந்தித்தார். பேக்கரின் காலில் இருந்தது துணிக் கழிவால் செய்த செருப்பு. காந்தியின் கண் நேராக அதில் போய் நின்றதாம். ஒரு வீட்டை அந்த இடத்துக்கு ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளை வைத்தே கட்ட வேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தை பேக்கர் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்.

1945இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார், தொழுநோய் மருத்துவமனைகளைக் கட்டவும் பழையவற்றை மாற்றி அமைக்கவும். பைசாபாத்தில் ஒரு மலையாளி டாக்டரின் வீட்டில் தங்கியிருந்தார். அந்த டாக்டருக்கு ஆபரேஷன் தேவைப்பட்டபோது, அவருடைய வேலையைப் பார்த்துக்கொள்ள அவருடைய சகோதரி ஹைதராபாத்தில் இருந்து வந்தார். டாக்டர் எலிசபெத் ஜேக்கப். ஒரே சேவை, ஒரே நம்பிக்கை, ஒரே எளிமை. இருவருக்கும் மனம் ஒத்துப்போனது. இரண்டு குடும்பங்களும் தயங்கின. இவர்கள் சண்டைபோடவில்லை, காத்திருந்தார்கள். 1948இல் கல்யாணம் நடந்தது.

தேனிலவுக்கு இமயமலைப் பக்கம் பித்தோராகட் போனார்கள். வந்திருப்பது டாக்டர் என்று தெரிந்ததும் மலைக்கிராமத்து ஜனங்கள் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு மருத்துவர் இல்லை. விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? அங்கேயே பதினாறு வருஷம் இருந்துவிட்டார்கள்! அந்த மலைச்சரிவில் தங்களுக்கு ஒரு வீடும் ஒரு ஆஸ்பத்திரியும் கட்டிக்கொண்டார்கள். எலிசபெத் வைத்தியம் பார்த்தார். பேக்கர் அவருக்கு நர்ஸ், எடுபிடி, மிச்ச நேரத்தில் கட்டடக்காரர்.

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இங்கிலாந்தில் படித்த ஒரு ஆர்க்கிடெக்ட், முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வரை உள்ள வயதை, மனைவியின் ஆஸ்பத்திரிக்குத் தோள் கொடுத்துக் கழித்திருக்கிறார். அதை அவர் தன் தொழிலுக்கு வந்த நஷ்டமாக நினைக்கவில்லை. மலைக்காரர்கள் பக்கத்தில் கிடைக்கும் கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு எப்படி வீடு கட்டுகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்துப் படித்தது அந்தக் காலத்தில்தான். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த வேலைகள் எல்லாம் ஐம்பது வயதுக்குப் பிறகு வந்தவை. கம்பெனி வாழ்க்கையில் நாற்பதைத் தாண்டியதும் இனி என்ன இருக்கிறது என்று சோர்ந்துபோகும் நம் நண்பர்களுக்கு நான் இதைத்தான் போனில் சொல்வேன்.

1963இல் கேரளாவுக்கு வந்தார்கள். முதலில் வாகமண் மலையில், அங்கும் ஆஸ்பத்திரி வேலை. அப்புறம் திருவனந்தபுரம். நாலாஞ்சிறையில், தண்ணீரும் மண்ணும் சரியாக இல்லாத ஒரு பாறைச்சரிவு. அங்கே முதலில் சின்னதாக ஒரு மரக்குடில். பிறகு குடும்பத்தின் தேவைக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது அந்த வீடு. 'ஹேம்லெட்' என்று பெயர். பழைய கதவு, உடைந்த ஓடு, காலிக் கண்ணாடிப் பாட்டில், எல்லாவற்றுக்கும் அதில் இடம் கிடைத்தது. மூன்று பிள்ளைகளோடு அங்கேதான் கடைசிவரை இருந்தார். தனியாக ஆபீஸ் வைத்துக்கொள்ளவில்லை. வந்த கடிதத்தின் உறை, கல்யாணப் பத்திரிகை, எதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தாலும் அதில் பிளான் போட்டார்.

அந்தச் சமயத்தில் கேரள முதலமைச்சராக இருந்தவர் அச்சுத மேனன். பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தைத் தொடங்க, 1971இல் கட்டட வேலை பேக்கரிடம் வந்தது. 1985இல் இவர்களோடு சேர்ந்து அவர் தொடங்கியதுதான் காஸ்ட்ஃபோர்ட் என்ற கிராம வளர்ச்சிக்கான அறிவியல் தொழில்நுட்ப அமைப்பு. ஏழைக்கு ஒரு தரம், பணக்காரனுக்கு ஒரு தரம் என்று அவரிடம் இல்லை. பூந்துறை மீனவருக்குக் கட்டிய வீட்டிலும் ஸ்ரீகாரியம் லயோலா சேப்பலிலும் அதே செங்கல், அதே கவனம்.

டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு 1994இல் நான் மஸ்கட் போனேன். கண்ணாடியும் கான்கிரீட்டுமாகக் கட்டினோம். ஏசி நின்றால் அரைமணி நேரம் உள்ளே இருக்க முடியாது. அந்தக் கட்டடங்களில் நின்றபடி நான் அடிக்கடி நினைத்தது அந்தக் குளிர்ந்த சுவரைத்தான். 2002இல் ஊரில் வீடு கட்டத் தீர்மானித்தபோது, செங்கல்லை நிறுத்தி, நடுவே பொந்து விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டுதான், பூச்சு கிடையாது என்றேன். அப்பாவுக்குச் சம்மதம் இல்லை. "மக்களே, வெளிநாட்டுல இருந்து வந்து காசில்லாம பாதியில நிறுத்திட்டான்னு ஆளுவ சொல்லுவாவ" என்றார். அவர் பயம் நியாயமானது. நம் மாவட்டத்தில் வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய மாளிகைகளுக்கு நடுவே ஒரு பூசாத வீடு எப்படித் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் பிடித்த கான்ட்ராக்டர் முன்பணம் வாங்கிக்கொண்டு சரி என்றார். நான் லீவு முடிந்து போனதும், சுவருக்குள் காலியாக இருக்க வேண்டிய பொந்தில் எல்லாம் கலவையைக் கொட்டி நிரப்பிவிட்டார். ஒரு பக்கச் சுவரையே இடிக்க வேண்டியதாகிவிட்டது. மூன்று நாள் தூங்கவில்லை. பிறகு தக்கலைப் பக்கத்தில் ஒரு மூத்த கொத்தனார் கிடைத்தார். தினமும் காலையில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய்வந்தவர். பேக்கர் சாயிப்பின் முறையில் கட்டிய பல வீடுகளில் கை வைத்தவர்.

"தம்பி, இதுல சூட்சுமம் ஒண்ணும் இல்ல. செங்கல்ல படுக்கப் போடாதே, நிறுத்து. ரெண்டு வரிசைக்கு நடுவுல காத்து இருக்கட்டும். அந்தக் காத்துதான் வெயில தடுக்கும்" என்றார். சாதாரணக் கட்டைவிட நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமானது. சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம். மேல்தளம் போடும்போது, கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளைக் கவிழ்த்து வைத்தார். அந்த இடத்தில் கான்கிரீட்டுக்குச் சுமக்கிற வேலை அதிகம் இல்லை. ஓடு வைத்தால் சிமெண்டும் மிச்சம், எடையும் குறைவு, சூடும் உள்ளே இறங்காது. செங்கல் ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் சூளையில் இருந்து வந்தது. ஐந்து மைல் இல்லைதான், ஆனால் நம் மண்.

ஜாலி வைத்த அன்று அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது நம்ம பத்மநாபபுரம் அரண்மனை மாதிரில்லா இருக்கு" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை. அரண்மனையில் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அளியாக அடித்து, வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விட்டிருப்பார்கள். அதே வேலையை பேக்கர் செங்கல்லில் செய்தார். நாம் பள்ளிக் காலத்தில் எத்தனையோ முறை போய் வந்த இடம் அது. 1956 வரை நாமும் திருவிதாங்கூரின் ஆட்கள்தானே. அதன் பிறகு அந்த வீட்டை அப்பா யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை.

பேக்கருக்கு 1990இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தியக் குடியுரிமையும் பெற்றிருந்தார். 2007 ஏப்ரல் 1ஆம் தேதி, தொண்ணூறு வயதில், திருவனந்தபுரத்தில் காலமானார். மஸ்கட்டில் செய்தி கேட்டதும் டிராயிங் சாருக்குப் போன் செய்தேன். அவரும் கேள்விப்பட்டிருந்தார். இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சார் கேட்டார், "மழைக்கு உன் வீட்டுச் சுவர்ல ஈரம் ஏறுதா?" இல்லை சார் என்றேன். "நல்லது" என்றார்.

அடுத்த லீவில் நான் வந்து இறங்கியபோது சாரே திருவனந்தபுரம் வந்திருந்தார். ஏர்போர்ட்டில் இருந்து தம்பானூருக்கு வந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சிவப்பாக, உருளையாக நிற்கும் இந்தியன் காபி ஹவுஸ் பேக்கர் கட்டியதுதான். உள்ளே மாடிப்படி கிடையாது. தரையே ஒரு சுருளாக மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டு போகும், ஓரத்தில் வரிசையாக மேசையும் இருக்கையும். சாருக்கு அப்போது முட்டுவலி, படி ஏற முடியாது. இங்கே என் தோளைக்கூடப் பிடிக்காமல் ஒரு சுற்று ஏறி வந்து உட்கார்ந்தார்.

விசிறித் தலைப்பாகை வைத்த சர்வர் காபியும் பில்லும் வைத்துவிட்டுப் போனார். ஜாலி ஓட்டைகள் வழியாக வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. சார் பில்லைத் திருப்பிப் போட்டு, சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்து, அந்த வெளிச்சக் கட்டங்களை ஒவ்வொன்றாக வரைய ஆரம்பித்தார். காபி ஆறிப்போனது. பணம் கட்டக் கிளம்பியபோது பில்லைக் கேட்டேன். தரவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் கீழே போய் என்ன சாப்பிட்டோம் என்று வாயால் சொல்லிப் பணம் கட்டினேன்.