மாதாவின் வெள்ளைச் சேலை

கோயில் மலருக்கு உள்பக்கப் படங்களைக் கறுப்பு வெள்ளையில் போடலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டதே நான்தான். நம்ம தேயிலைத் தோட்டத்து மாதா கோயில்களுக்குள் கமரா வைத்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பீடத்துக்கு மேலே டியூப் லைட், சுரூபத்தைச் சுற்றிக் கலர் பல்பு, ஜன்னலில் பனிமூட்டத்தின் நீல வெளிச்சம். ஒன்றுக்கு வைட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ற நிறச் சமன், சரிசெய்தால் மற்றது கெட்டுப்போகும். சுவர் ரோஸ், தூண் பச்சை, பீடம் முழுக்கத் தங்க பெயின்ட். நிறத்தை எடுத்துவிட்டால்தான் அந்தச் செதுக்கு வேலையே கண்ணில் படுகிறது: இலைக்கு அடியில் விழும் நிழல், திராட்சைக் கொத்தின் உருட்சி, தச்சரின் உளி நின்ற இடம். இதை இப்போதும் சொல்வேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் படங்களை மேசையில் பரப்பி வைத்திருந்தோம். மாதாவுக்குச் சேலை உடுத்துகிற அம்மா, கொழுந்தெடுத்து ஓய்ந்தவர், ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எங்க மாதாவுக்கு ஏன் தம்பி வெள்ளச் சேல கட்டிட்டீங்க?"

"அது அதே நீலச் சேலதாம்மா. கறுப்பு வெள்ளையில அப்படித்தான் தெரியும்."

அந்த 'அப்படித்தான்' என்ற சொல்தான் இன்னும் உறுத்துகிறது. நிறப் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது எந்த நிறம் எவ்வளவு வெளுப்பாக வர வேண்டும் என்று தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். பிலிம் காலத்தில் லென்சுக்கு முன்னால் பில்டர் போட்டுச் செய்ததும் இதுதான், சிவப்பு பில்டர் போட்டால் நீல வானம் கறுத்துவிடும். இந்தப் படத்தில் மாதாவின் பட்டு நீலமும் பின்னால் தொங்கிய சிவப்புத் திரையும் ஒரே சாம்பலாக வந்து, சுரூபம் திரைக்குள் அமிழ்ந்துவிட்டது. அதனால் நீலத்தை ஏற்றினேன். சேலை மடிப்பு மடிப்பாகத் துலங்கியது, கூடவே வெளுத்தும் போனது. திரையை வெளுக்க வைத்திருக்கலாம்தான். ஆனால் அப்போது பீடத்தின் விளிம்பு முழுக்க அதில் கரைந்துவிடும், நான் எடுக்கப்போனதே பீடத்தை.

வெள்ளைச் சேலை யார் கட்டுவது என்று எனக்குத் தெரியாதா? என் வீட்டிலும் கட்டினவர்கள் உண்டு. கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே லயத்து வீட்டுச் சுவரில் மாலை போட்டுத் தொங்குகிற படம்தான் என்பதும் தெரியும். இருந்தும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது அதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

அவர் சண்டைக்கு வரவில்லை. "சரி தம்பி, தெரிஞ்சவங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்று படத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி தேவாலயத்தில் இந்தச் சிக்கலே வராது. கல்லும் மரமும் கறுப்பு வெள்ளைக்கென்றே செய்தவை போல இருக்கும், நிறம் என்று பார்த்தால் ஜன்னல் கண்ணாடிகள்தான். ஆனால் கண்டி ட்ரினிட்டி கல்லூரிச் சிற்றாலயத்தில் டேவிட் பேய்ன்டர் வரைந்த சுவரோவியங்களை, அந்தத் தாடியில்லாத கிறிஸ்துவை, யாராவது என்னைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுவேன். அவர் பார்த்துப் பார்த்து வைத்த நிறத்தை எடுக்க நான் யார் என்று கேட்பேன். அப்படியானால் ஹட்டன் கடையில் துணியை விரித்து விரித்துப் பார்த்து அந்த நீலத்தைத் தேர்ந்தவர்கள் விஷயத்தில் அந்தக் கேள்வி எனக்குள் ஏன் எழவே இல்லை? ஓவியத்துக்கு நிறம்தான் உடம்பு, சேலையோ திருநாளுக்குத் திருநாள் மாறும், பீடம்தான் நிலைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் அது போதுமாக இருக்கிறது.

மலரில் படம் அப்படியேதான் வந்தது. சாமியாருக்கு ரொம்பப் பிடித்து, அட்டைக்கும் அதையே போடச் சொன்னார். எனக்கும் அதுதான் அந்தக் கோயிலில் எடுத்ததிலேயே நல்ல படம். அப்புறம் அந்த அம்மாவுக்கு நிறத்தில் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன், சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் தனக்கு ஒரு படம் வேண்டும் என்று கேட்கவே இல்லையே, ஊரே வாங்கி வீட்டில் வைக்கப்போகிற புத்தகத்தில் மாதா எப்படித் தெரிகிறார் என்பதைத்தானே கேட்டார்.