ஆர் மதிப்பை எழுதும் முன் புள்ளிகளைப் பாருங்கள்

புள்ளியியல் பருவத் தேர்வில் ஒட்டுறவுக் கெழு (இரண்டு மாறிகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண், சுருக்கமாக ஆர்) கண்டு விளக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். கணக்கைப் பிழையில்லாமல் போட்டேன். ஆர் மதிப்பு 0 வந்தது. 'இரண்டு மாறிகளுக்கும் தொடர்பே இல்லை' என்று எழுதினேன். விளக்கத்துக்கான மதிப்பெண் முழுதும் போய்விட்டது.

கேள்வியில் இருந்த எண்கள் இவை. எக்ஸ்: -2, -1, 0, 1, 2. ஒய்: 4, 1, 0, 1, 4. ஜோடி ஜோடியாகப் பெருக்கினால் -8, -1, 0, 1, 8, கூட்டினால் பூஜ்யம். எக்ஸின் சராசரியும் பூஜ்யம், அதனால் ஆர் 0. ஆனால் ஒய் என்பது எக்ஸின் வர்க்கமேதான்! இதைவிட நெருக்கமான தொடர்பு எங்கே இருக்கும்? ஆர், அதாவது பியர்சன் கெழு, நேர்கோட்டுத் தொடர்பை மட்டுமே அளக்கும். 'நேர்கோட்டுத் தொடர்பு இல்லை' என்று எழுதியிருந்தால் போதும். விடைத்தாள் கைக்கு வந்த பிறகு அந்த ஐந்து புள்ளிகளையும் கட்டத்தாளில் குறித்தேன். கிண்ணம் போல வளைந்து நின்றன. தேர்வு அறையில் அது அரை நிமிட வேலை.

அதன்பின் சிதறல் படம் போடாமல் நான் விளக்கம் எழுதுவதே இல்லை. புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் கொடுத்த நான்கு தரவுத் தொகுப்புகளை நீங்களும் ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலுமே ஆர் சுமார் 0.82. வரைந்தால் ஒன்று சாதாரணச் சிதறல், இன்னொன்று வளைகோடு. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் கோடு பிடித்தாற்போல் நிற்க, ஒன்று மட்டும் விலகி நிற்கும். நான்காவதுதான் எனக்கு அதிர்ச்சி: பத்துப் புள்ளிகளுக்கும் எக்ஸ் 8, ஒன்றுக்கு மட்டும் 19. அந்த ஒற்றைப் புள்ளியை எடுத்துவிட்டால் எக்ஸ் மாறவே மாறாது, ஆர் கணக்கிடவே முடியாது.

அப்புறம், 0.8 என்றால் '80 சதவீதத் தொடர்பு' என்று எழுதாதீர்கள். வர்க்கப்படுத்தினால் 0.64. ஒய்யின் மாறுபாட்டில் 64 சதவீதத்தை நேர்கோடு விளக்குகிறது என்பதே பொருள்.

காரணம் சொல்லும் இடத்திலும் கவனம் வேண்டும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் செருப்பு அளவு பெரிதாக உள்ளவர்கள் நன்றாக வாசிப்பார்கள். செருப்பு வாசிப்புக்குக் காரணம் அல்ல; இரண்டையும் அதிகரிக்க வைப்பது வயது.

படிக்கும் நேரம், மதிப்பெண் என்று கொடுத்து ஆர் 0.7 வந்தால் இப்போது நான் எழுதுவது இதுதான்: 'புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டை ஒட்டி உள்ளன, விலகிய புள்ளி இல்லை. அதிக நேரம் படித்தவர்களிடம் மதிப்பெண்ணும் கூடுதலாக இருக்கும் போக்கு ஓரளவு வலுவாகத் தெரிகிறது.' முதல் வாக்கியத்தைப் படம் பார்க்காமல் எழுத முடியாது.