விதைக்கென்று ஒரு காய்

மார்ச் 9

இன்று டிராம்போன்சினோ விதை ஊன்றினேன். இத்தாலியின் லிகூரியா பகுதியில் வழிவழியாகப் பயிராகும் கொடிப் பரங்கி இது. பிஞ்சில் பறித்தால், பிஞ்சாகவே சமைக்கும் பரங்கி வகையான சுக்கினி மாதிரி சமைக்கலாம். முற்றவிட்டால் நீளக் கழுத்துள்ள பரங்கி. கையில் இருந்தது கொஞ்சம் விதைதான். அதனால் இந்த முறை சமையல் இரண்டாம்பட்சம், சுத்தமான விதை எடுப்பதுதான் முதல் வேலை. ஈரமும் குளிருமாக இருக்கும் மண்ணில் போட்டால் விதை அழுகிப்போகும். மண் நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்துதான் ஊன்றினேன்.

மார்ச் 17

முளைத்துவிட்டது. நத்தைகளுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 6

பந்தல் போட்டாயிற்று. இந்தக் கொடி ஐந்து மீட்டரை அநாயாசமாகத் தாண்டும், முற்றிய காயின் எடையும் சேர்ந்தால் நூல் வலையெல்லாம் தாங்காது. இரும்புக் குழாயை ஊன்றி, மேலே கனமான கம்பி வலை கட்டினேன். தரையில் விட்டாலும் காய்க்கும்தான். ஆனால் காய் கண்டபடி வளைந்துவிடும். தொங்கினால்தான் நேராக நீளும்.

பற்றுக்கம்பிகளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். நுனி வலையைப் பிடித்ததும் நடுப்பகுதி சுருளத் தொடங்குகிறது. ஒரு பாதி வலப்பக்கமாகவும் மறுபாதி இடப்பக்கமாகவும் சுருள்கிறது. இரண்டு முனையும் கட்டுண்டு இருப்பதால், ஒரே பக்கமாகச் சுருண்டால் கம்பி முறுக்கிக்கொள்ளும். டார்வின் 1865-லேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார். காற்றடிக்கும்போது ஸ்பிரிங் போல நீண்டு சுருங்குவதால்தான் கொடி அறுந்து விழாமல் இருக்கிறது.

ஏப்ரல் 29

பூ வந்துவிட்டது, எல்லாம் ஆண் பூ. பரங்கியில் இது வழக்கம்தான், முதலில் ஆண் பூக்கள் வந்து கொட்டும். இதைப் பார்த்துக் கவலைப்பட்டு உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் பெருக்கும். பெண் பூவை அடையாளம் காண்பது எளிது, மொட்டிலேயே அடியில் குட்டிக் காய் இருக்கும்.

மே 5

இலை நரம்புகள் கிளைபிரியும் இடங்களில் வெள்ளித் திட்டுகள். சாம்பல் நோயோ என்று மருந்தைத் தேடி ஓட வேண்டாம், இந்த இனத்தில் பல ரகங்களுக்கு இலையின் நிறமே அப்படி. விரலால் தேய்த்துப் பார்த்தேன், ஒன்றும் உதிரவில்லை. நோயாக இருந்தால் மாவு கையில் ஒட்டும்.

மே 12, மாலை

நாளை மலரப்போகும் மொட்டுகளின் நுனியில் மஞ்சள் ஏறியிருக்கிறது. ஒரு பெண் மொட்டு, மூன்று ஆண் மொட்டுகள். நான்கின் நுனியையும் காகித டேப்பால் ஒட்டிவிட்டேன்.

ஏன் இந்தப் பாடு? டிராம்போன்சினோ, பரங்கிகளில் மொஸ்காட்டா என்ற இனம். பட்டர்நட் பரங்கியும் அதே இனம், அது பக்கத்துத் தோட்டத்தில் படர்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் தேனீ ஒன்றுதான். மகரந்தம் கலந்தாலும் இந்த வருடக் காயில் வித்தியாசம் தெரியாது, ருசியும் மாறாது. கலப்பு விதைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அடுத்த வருடம்தான் முகத்தைக் காட்டும். சுக்கினி சேர்ந்த பெப்போ இனம் என்றால் இன்னும் கவனம் தேவை. அலங்காரத்துக்கு வளர்க்கும் கசப்புக் காய்களோடு கலந்த விதையை வளர்த்தால் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு ஏறிய காய் வரலாம். சமைத்தாலும் அது போகாது. கசந்தால் துப்பிவிட வேண்டியதுதான்.

மே 13

விடிந்ததும் போய்விட்டேன். பூ விடியலில் மலர்ந்து, வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். ஆண் பூக்களைக் காம்போடு பறித்து இதழ்களை உரித்தேன். பிறகு பெண் பூவின் டேப்பைப் பிரித்து, மூன்று மகரந்தத் தண்டுகளாலும் சூல்முடியின் எல்லா மடல்களிலும் தடவினேன். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வளரும், அல்லது வெம்பி உதிரும். தடவிக்கொண்டிருக்கும்போதே ஒரு தேனீ என் கை மேல் வந்து உட்கார்ந்தது. விரட்டிவிட்டு, இதழ்களைக் குவித்து மறுபடி ஒட்டினேன். காம்பில் சிவப்பு நூல். வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று: சிவப்பு நூல் கட்டிய காயில் யாரும் கைவைக்கக் கூடாது.

ஜூன் 8

நூல் கட்டிய காய் பிடித்துவிட்டது. ஆனால் அது முற்ற முற்ற, கொடி புதிதாகக் காய் வைப்பதைக் குறைக்கிறது. விதை தயாராகிறது என்று தெரிந்தால் செடிக்கு அவசரம் போய்விடும் போலிருக்கிறது. நிறைய பிஞ்சு வேண்டும் என்பவர் ஒரு காயையும் முற்றவிடக் கூடாது. விதை வேண்டும் என்பவர் அறுவடை குறைவதைச் சகித்துக்கொள்ள வேண்டும். எனக்கு இரண்டும் வேண்டும், அதனால் மற்ற காய்களை முழ நீளம் வருவதற்குள்ளேயே பறித்துவிடுகிறேன்.

ஜூலை 19

இப்போது நிஜமான சாம்பல் நோய், அடி இலைகளில். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வெயில் நேரத்தில் தெளித்தேன். கேட்பதற்குப் பாட்டி வைத்தியம் போலத் தோன்றும், ஆனால் பிரேசிலில் சுக்கினிச் செடிகளில் சோதித்து 1999-ல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள். நோய் முற்றிய இலைகளை வெட்டி எறிந்தேன்.

ஆகஸ்ட் 16

விதைக்காய் பச்சை போய் மங்கலான பழுப்புக்கு வந்துவிட்டது. நகத்தால் அழுத்தினால் தோலில் தடம் விழவில்லை. காம்போடு அறுத்து நிழலில் வைத்திருக்கிறேன். உடனே வெட்டக் கூடாது. இன்னும் சில வாரம் கிடந்தால் உள்ளே விதை திரளும்.

செப்டம்பர் 14

வெட்டினேன். கழுத்து முழுக்கச் சதை, விதை அத்தனையும் அடிக் குடத்தில். நாரைப் பிசைந்து அலசி, பீங்கான் தட்டில் பரப்பினேன். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொண்டு உரிக்க வராது. நேர் வெயிலும் வேண்டாம், மின்விசிறிக் காற்றே போதும். வளைத்தால் வளையாமல் பட்டென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். தட்டையாக, உள்ளீடு இல்லாமல் இருந்தவற்றைப் பொறுக்கி எறிந்தேன். மிச்சத்தை உறையில் போட்டு ரகம், இனம், வருடம், ‘கையால் மகரந்தம் சேர்த்தது’ என்று மேலே எழுதினேன். ஈரம் படாத குளிர்ந்த இடத்தில் நாலைந்து வருடம் முளைப்புத்திறனோடு இருக்கும். பாதியை பட்டர்நட் வளர்ப்பவருக்குக் கொடுக்கப்போகிறேன், டேப் ஒட்டும் வேலையையும் சொல்லிக்கொடுத்து.