வெயில் ஏறாத காலை

"வெயில் ஏறவே மாட்டேங்குது தம்பி. நேத்துப் போட்ட மீனே இன்னும் ஈரமா கெடக்கு."

கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் கருவாடு காயவைக்கும் அக்கா சொன்னது. மணி ஒன்பதரை. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. ஆனாலும் சூரியன் மங்கிப்போய் நின்றது.

பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வெள்ளைக் கூடையை விரலால் தடவிக் காட்டினார். நுனியில் மை தொட்ட மாதிரி கறுப்பு.

அது புகையில் வரும் கரித்துகள். வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும்.

நிலக்கரிப் புகையில் வரும் கந்தகம் வேறு ரகம். சல்பேட் துகளாக மாறி வெயிலை வானத்துக்கே திருப்பிவிடும். 1991ல் பினதுபோ எரிமலை கக்கிய கந்தகத்தால் மறு வருஷம் உலகமே சுமார் 0.5 டிகிரி குளிர்ந்தது.

புகைக்கு ஊர் எல்லை தெரியாது. துகள் சில நாளில் மழையோடு இறங்கிவிடும். ஆனால் அது கலைத்துவிட்ட காற்றோட்டம் கடல் தாண்டியும் சூட்டையும் மழையையும் மாற்றும்.

எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான்: நாம் ஏற்றிவிட்ட சூட்டில் ஏறத்தாழ அரை டிகிரியை, வெயிலைத் திருப்பிவிடும் இந்தப் புகைதான் மொத்தத்தில் மறைத்து வைத்திருக்கிறது. புகை விலகினால் அது வெளியே வரும். விலகாவிட்டால் நம் பிள்ளைகளின் நுரையீரல் போகும்.

புகை போகத்தான் வேண்டும். கூடவே, நூற்றாண்டுக் கணக்கில் தங்கும் கரியமில வாயுவையும் இப்போதே குறைக்க வேண்டும்.

நான் கிளம்பும்போது அக்கா இரண்டாம் தடவையாக மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார்.